தோர்ன்பி துரையின் பாலமும் கொட்டாஞ்சேனைக் குடும்பமும்

வெள்ளவத்தைக் கால்வாயின் மேல் உள்ள ரயில் பாலத்தைப் பார்ப்பதற்காகவே திருச்சியிலிருந்து கடல் தாண்டி வந்தவள் நான். வந்த முதல் நாளே அந்தப் பாலத்தைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்து போய்விட்டேன்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் வந்து நின்ற முதல் ரயிலில் ஏறியதுதான் தவறு. முப்பத்து மூன்று வருஷம் ரயில்வேயில் பாலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்கு, எல்லா வண்டியும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது என்பது தெரிந்திருக்க வேண்டும். வலது பக்கம் கடல். கையை நீட்டினால் அலை தொடும் தூரம். அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வண்டியின் சத்தம் ஒரே ஒரு நொடி மாறிக் கனத்தது. பாலத்தின் சத்தம். எழுந்து கதவருகே ஓடினேன். அதற்குள் வெள்ளவத்தை போய், தெஹிவளையும் நிற்காமல் கடந்துவிட்டது.

"இது எக்ஸ்பிரஸ் கோச்சி, மிஸ். வெள்ளவத்தையில நிக்காது" என்றார் எதிரே இருந்த முஸ்லிம் பெரியவர், மடியில் துணிக்கடை மாதிரித் துண்டுகளுடன். "இரத்மலானையில இறங்குங்க. திரும்பிப் போறதுக்கு எத்தனையோ கோச்சி இருக்கு."

இங்கே ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். குதிரை பூட்டிய தபால் வண்டிகளை அந்தக் காலத்தில் கோச் என்பார்களாம். அந்தப் பெயர்தான் குதிரை போன பிறகு ரயிலில் ஏறி உட்கார்ந்துகொண்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மொழி அறிஞர்கள் மன்னிக்கட்டும். ஆனால் தோர்ன்பி துரை இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்.

துரை யார் என்று சொல்லிவிடுகிறேன். விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலேயப் பொறியாளர். இருபத்திரண்டு வயதில் இலங்கைக்கு வந்தார். முதல் வேலை, காலியிலிருந்து கொழும்புக்குத் தபால் குதிரை வண்டி ஓடும் சாலையைப் பழுது பார்ப்பது. அப்போது இங்கிலாந்துத் தபால் கப்பல் காலித் துறைமுகத்துக்குத்தான் வரும். பத்திரிகைக்காரர்கள் கப்பல் கொண்டுவந்த சூடான செய்தியைப் புறாவின் காலில் கட்டிக் கொழும்புக்கு விடுவார்கள். துரை அரும்பாடுபட்டுச் செப்பனிட்ட சாலையில் தபால் வண்டி வந்து சேரும்போது செய்தி பழசாகியிருக்கும். புறாவிடம் தோற்ற வருத்தத்தைத் தன் தங்கை ஷார்லட்டுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்.

பிறகு ரயில் வந்தது. துரை கடலோரப் பாதையில் பாலங்கள் கட்டினார். அதன் பிறகு கொழும்புத் துறைமுகத்தில் அலையைத் தடுக்கும் கல்சுவர் போடும் வேலையில் சேர்ந்தார். சுவர் முடிந்ததும் தபால் கப்பல் காலியைக் கைவிட்டுக் கொழும்புக்கே வரத் தொடங்கியது. ஆக, இளமையில் தான் செப்பனிட்ட தபால் சாலைக்கு நடுவயதில் தானே வேலை இல்லாமல் செய்தார். கடைசிக் காலத்தில் எங்கள் திருச்சிப் பக்கம் வந்து இரண்டு பாலம் கட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

அவர் கடிதங்களை நூலாகக் கொண்டுவர இரண்டு வருஷமாக நான் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வேடிக்கை கவனித்தேன். தபால் மாதக்கணக்கில் போன காலத்தில் பன்னிரண்டு பக்கம் எழுதியவர், நீராவிக் கப்பல் வேகமெடுக்க வேகமெடுக்க ஆறு பக்கம், மூன்று பக்கம் என்று குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரே ஒரு தந்தி: "நலம்." பெங்களூரில் இருக்கும் என் மகள் அதைக்கூட எழுதுவதில்லை, கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புகிறாள்.

கடிதங்களை எனக்குக் கொடுத்தவர் பீட்டர். துரையின் வாரிசு, இங்கிலாந்தில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னோர் கட்டிய பாலத்தைப் பார்க்கத் திருச்சிக்கு வந்தவரிடம் நான்தான் அதைக் காட்டினேன். அந்தப் பழக்கத்தில் கடிதங்களின் நகல் முழுவதையும் அனுப்பினார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, முப்பத்தேழாம் கடிதம் வரும்வரை.

வெள்ளவத்தைக் கால்வாயில் கட்டிய பாலத்தின் கரைச்சுவர் இரண்டு முறை மண்ணுக்குள் இறங்கி விழுந்தது. ஓவர்சியரின் கவனக்குறைவு என்று துரை மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். மூன்றாம் முறை, அதே ஓவர்சியர் ஒரு வழி சொன்னார். பாலம் நின்றது. அதற்கு எழுதிய இரண்டாம் அறிக்கையில் ஓவர்சியரின் பெயரே இல்லை. தங்கைக்கு மட்டும் உண்மையை எழுதினார்: "அவன் பெயர் செபஸ்தியான். கொட்டாஞ்சேனைக்காரன். அவன் சொன்னதைச் செய்தேன், நான் சொன்னதாக எழுதினேன்." கூடவே தன் வீட்டு விஷயமாகவும் நாலு வரி எழுதியிருந்தார்.

இந்தக் கடிதத்தை விட்டுவிடலாமா என்று பீட்டர் தொலைபேசியில் கேட்டார். முடியாது என்றேன். பாலப் பிரிவில் என் கணக்கை வைத்து வேறொருவர் பாராட்டு வாங்கிய கதை எனக்கும் உண்டு. இழுபறிக்குப் பிறகு ஓர் உடன்பாடு: அந்த ஓவர்சியரின் குடும்பத்தார் யாராவது இருந்து, அவர்கள் சம்மதித்தால் போடலாம். யாரும் கிடைக்கமாட்டார்கள் என்று பீட்டர் நினைத்தார். கிடைத்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள் என்று நான் நினைத்தேன். இருவர் நினைத்ததும் நடக்கவில்லை.

இரத்மலானையில் இறங்கி, திரும்பி, ஒருவழியாக வெள்ளவத்தை வந்து சேர்ந்தேன். தங்கியது பவளம் அக்கா வீட்டு மாடி அறையில். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது தாண்டியவர், அறுபத்தொரு வயதான என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிட்டதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

"பாலம் பாக்கவோ வந்தனீங்கள்?" என்றார் இடியப்பத் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டே. "இஞ்ச ஆக்கள் சீலை எடுக்க வாறவை, கலியாணத்துக்கு வாறவை. பாலம் பாக்க வந்தது நீங்கள்தான் முதல் ஆள்."

இடியப்பத்தின் மேல் மஞ்சளாக ஒன்றை ஊற்றினார். மோர்க்குழம்பு அருமை என்றேன்.

"இது சொதி, பிள்ளை. மோருக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை" என்றார், தன் சாதிசனத்தைப் பற்றி நான் தப்பாகச் சொல்லிவிட்டதைப் போல. தேங்காய்ப்பால் என்று பிறகு புரிந்தது. இரண்டாம் தட்டு கேட்டு மன்னிப்புப் பெற்றேன்.

மறுநாள் கொழும்பின் வட பக்கத்தில் உள்ள கொட்டாஞ்சேனை. ஆட்டோவுக்கு இங்கே த்ரீவீல் என்று பெயர். ஓட்டியவர் மலையகத்துக்காரர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து பிழைப்புக்குக் கொழும்பு வந்தவர். "கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போகணும்" என்றேன். கொண்டுபோய் ஒரு கோபுரத்தின் முன்னால் நிறுத்தினார். நான் தேடியது கத்தோலிக்கத் தேவாலயம். அதையும் இங்கே கோயில் என்றுதான் சொல்வார்கள் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்திருந்தேன்.

"பொட்டு வச்சிருக்கீங்களேம்மா. மாதா கோயில்னு நான் எப்பிடி நெனைக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. இறங்கியதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி ஏறினேன்.

மாதா கோயில் அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா ஒருவர் இருந்தார். ரயில் பாதை போட்ட காலத்தில் செபஸ்தியான் என்று ஓர் ஓவர்சியர், வெள்ளவத்தைப் பாலம், என்று தொடங்கினேன். பதிவேடு எதையும் அவர் திறக்கவே இல்லை. சிரித்தார்.

"பாலங்கவுத்தான் வீட்டைத் தேடுறீங்களா? பின்னால ரெண்டாவது ஒழுங்கை, பச்சை கேட். வாசல்ல ஒரு ஸ்கூல் வேன் நிக்கும்."

பாலத்தைக் கவிழ்த்தவன் வீடு. நூற்றாண்டு தாண்டியும் துரையின் முதல் அறிக்கை உயிரோடுதான் இருந்தது.

பச்சை கேட்டைத் திறந்தவர் சகாயராணி. ஐம்பத்து நாலு வயது. அந்த வேனைப் பதினெட்டு வருஷமாக ஓட்டுபவர் அவரே. வேனின் பின்பக்கம் முழுக்கப் பூனைப் படங்கள், பிள்ளைகள் ஒட்டியவை.

"ஓம், நாங்கதான் பாலங்கவுத்தான் வீட்டு ஆக்கள்" என்றார். "ஏன், இந்தியாவில ஏதும் பாலம் விழுந்துட்டா?"

உள்ளே மின்விசிறிக்கு நேர் கீழே அவருடைய அண்ணன் மரியநேசன் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. தபால் தரம் பிரிக்கும் இடத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். பேச்சும் அப்படித்தான்.

பட்டப்பெயர் பற்றிச் சகாயராணிதான் சொன்னார். பள்ளியில் மேசையின் கால் உடைந்தால் முதலில் இவரைத்தான் பார்ப்பார்களாம். ஒழுங்கையில், அதாவது சந்தில், மழைக்கு ஒரு மதில் சாய்ந்தாலும் இவர்கள் வீட்டைத்தான் பார்ப்பார்கள். அவருக்குப் பேசிவந்த முதல் கலியாணத்தில், மாப்பிள்ளையின் மாமா கட்டடக் கான்ட்ராக்டர். "இந்தச் சம்பந்தம் வேணாம், எனக்கு வேலை வராது என்று சொல்லிட்டார்." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து முப்பத்தேழாம் கடிதத்தின் நகலையும் என் மொழிபெயர்ப்பையும் எடுத்து நீட்டினேன். "ஐயா, உங்கள் ஆள் பாலத்தைக் கவிழ்க்கவில்லை. நிறுத்தியவரே அவர்தான். இதோ, துரையே எழுதியிருக்கிறார்."

மரியநேசன் கையை நீட்டவில்லை. "இது யாருக்கு எழுதினது?" என்று கேட்டார்.

"அவர் தங்கைக்கு."

"அந்தம்மா?"

"அவர் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது."

"மத்தவங்களுக்கு வாசிக்கக் குடுக்கலாம் என்று அவங்க எங்கயும் எழுதி வச்சிருக்கிறாங்களா?"

"இல்லை."

"அப்ப நான் வாசிக்கமாட்டேன்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. "முப்பத்தைந்து வருஷத்தில லட்சக்கணக்கில கடிதம் என்ட கையால போயிருக்கு, மிஸ். போஸ்ட்கார்டைக்கூட விலாசப் பக்கம் மட்டும்தான் பாத்திருக்கிறேன். மறுபக்கம் திருப்பினதில்ல. பக்கத்தில இருந்தவங்க வாசிச்சுச் சிரிப்பாங்க. நான் சிரிச்சதில்ல. இப்ப என்ட குடும்பத்துக்கு லாபம் என்றதுக்காக ஒரு பொம்பளைக்கு அவட அண்ணன் எழுதினதைப் பிரிச்சு வாசிக்கவா?"

இரண்டு வருஷமாக அந்தக் கடிதங்களை இரவும் பகலும் வாசித்து, அகராதி பார்த்து, அடிக்கோடு போட்டவள் நான். திடீரென்று யாரோ ஒருவர் வீட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பிடிபட்டதைப் போல இருந்தது.

"அவர் அப்பிடித்தான்" என்றார் சகாயராணி, சோறு போட்டுக்கொண்டே. பருப்பு, பாரை மீன் குழம்பு, சம்பல். "என்ட காதல் கடிதத்தையே அவர்தான் கொண்டுவந்து தந்தவர். யார் எழுதினது என்றுகூடக் கேக்கல்ல. அதை நினைச்சா இப்பவும் கோவம் வருது. கேட்டிருந்தா அந்த ஆளைக் கட்டவேணாம் என்றாவது சொல்லியிருப்பார்."

போகும்போது நகலை நான் மேசையில் மறந்ததைப் போல வைத்தேன். மரியநேசன் எடுத்து உறையில் போட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தார். வாசலில் சகாயராணி அதை என்னிடமிருந்து வாங்கி வேனின் முன்பக்க அறைக்குள் வைத்து மூடினார்.

மூன்றாம் நாள் மழை. வெளியே போகவில்லை. பவளம் அக்கா வாங்கிவந்த பாணை, அதாவது ரொட்டியை, பருப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது பீட்டர் அழைத்தார்.

"குடும்பம் கிடைத்ததா?"

"கிடைத்தது. ஆனால் உங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்."

நடந்ததைச் சொன்னேன். மரியநேசனின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "நான் மறைக்கச் சொன்னது வெட்கத்தால். அவர் மறுப்பது வேறு காரணத்தால். இரண்டையும் ஒன்றாகச் சொல்லாதீர்கள்" என்றார். பல் மருத்துவரிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை.

பவளம் அக்காவிடமும் சொன்னேன். "அந்தாள் சொல்லுறதும் சரிதான்" என்றார். "ஆனா பிள்ளை, பழியை மட்டும் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிப்போட்டு, மன்னிப்பை உறையில மூடி வைக்கிறதும் சரியில்லை."

நாலாம் நாள் காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு பூனைப் படம் போட்ட வேன் பவளம் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றது. முன் இருக்கையில் மரியநேசன், கழுத்துப் பொத்தான் போட்டு.

"கடிதத்தைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று சொல்லித்தான் வந்தவர்" என்றார் சகாயராணி. "பாலத்தைப் பாக்கலாம்தானே. பாலத்துக்கு உறை இல்லையே."

வேனில் பின்னால் எனக்குக் கிடைத்தது ஐந்து வயதுப் பிள்ளைக்கான இருக்கை. முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்தபடி கடற்கரைச் சாலை வழியாகப் போனோம். கால்வாய் கடலில் சேரும் இடத்துக்கு அருகே நிறுத்திவிட்டு, தண்டவாள ஓரமாக நடந்தோம். திருச்சியில் இப்படித் தண்டவாளத்தில் நடப்பவர்களை நான் எத்தனை முறை விரட்டியிருக்கிறேன். இங்கே பள்ளிப் பிள்ளை, மீன் வாங்கி வருபவர், காதலர்கள் என்று எல்லோரும் நடக்கிறார்கள். நானும் நடந்தேன்.

பாலம் சின்னதுதான். துரையின் கடிதத்தைப் படித்தவர்கள் காவிரிப் பாலத்தை எதிர்பார்ப்பார்கள். மேலே இருக்கும் இரும்பெல்லாம் பிற்காலத்தது. கீழே கரையைப் பிடித்து நிற்கும் கல்சுவர் பழையது என்பது கல்லைக் கொத்தியிருந்த விதத்திலேயே தெரிந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினேன். ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தேன். விரிசல் இல்லை. சாய்வு இல்லை. எங்கள் காலத்து ஒப்பந்தக்காரர்களை அழைத்துவந்து இதன் முன்னால் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது.

மரியநேசனும் மெல்ல இறங்கி வந்தார். சுவரிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றார்.

"மண் எப்பிடி?" என்று கேட்டார்.

ஒரு குச்சியால் கிளறிக் காட்டினேன். கறுத்த சேறு. நாற்றம். "சதுப்பு மண். பாரம் வைத்தால் அமுங்கிக்கொண்டே போகும்."

"அப்ப இது எப்பிடி நிக்குது?"

"கட்டுவதற்கு முன்பே மண்ணை அமுக்கியிருக்க வேண்டும். சுவர் வரும் இடத்தில் கல்லைக் குவித்து, ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும். மண் இறங்குகிற மட்டும் இறங்கிய பிறகு, கல்லை எடுத்துவிட்டு அதன் மேல் சுவரைக் கட்ட வேண்டும்." சொல்லி முடித்த பிறகுதான் கடிதத்தைப் பிரிக்காமலேயே அதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் விடவில்லை. "இது படிச்ச ஆள் சொல்லுறதா, இந்தத் தண்ணிக்கரையில வளந்த ஆள் சொல்லுறதா?"

"யாரும் சொல்லலாம். ஆனால் இரண்டு முறை விழுந்த பிறகுதான் இதைச் செய்தார்கள். படித்தவருக்குத் தெரிந்திருந்தால் முதல் முறையே செய்திருப்பார்."

அவர் தலையாட்டினார். பிறகு தங்கையிடம் சொல்வதைப் போலச் சொன்னார். "அப்பா இந்தப் பாதையில கோச்சியில போனதே இல்ல. காலியில சாவு வீடு என்றாலும் பஸ்லதான். ஏன் என்று கேட்டா தலைசுத்து என்பார்."

"தலைசுத்து இல்ல என்று எனக்குத் தெரியும்" என்றார் சகாயராணி.

"எனக்கும் ஒருக்கா வந்தது. கோச்சியிலேயே போய்த் தபால் பிரிக்கிற வேலை. சம்பளம் கூட. இந்தப் பாதை என்றதால வேணாம் என்றிட்டேன். நான் போற நாள் பாத்து விழுந்திட்டா, என்ன கதைப்பாங்க?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. தலைக்கு மேலே தண்டவாளம் முனகத் தொடங்கியது. கொழும்புப் பக்கமிருந்து வண்டி, கதவுகளில் ஆட்கள் தொங்க, தடதடவென்று எங்களுக்கு மேலாகக் கடந்தது. மரியநேசன் கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். வண்டி முழுதும் போய் முடியும்வரை கையை எடுக்கவில்லை. நான் பார்க்காததைப் போலக் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சகாயராணி வெளிப்படையாகவே அழுதார்.

மேலே ஏறியதும், "அந்தக் கடிதத்தை நூலில் சேர்க்கச் சம்மதமா ஐயா?" என்று கேட்டேன்.

"யோசிச்சு எழுதுறேன்."

"நாளைக்கு நான் போய்விடுவேன். இப்போதே ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

"வாயால சொல்லுறது பிறகு மாறிப் போகும். எழுதித்தான் அனுப்புவேன். விலாசத்தைத் தாங்க."

கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, பின்கோடின் கடைசி எண் சரிதானா என்று கேட்டார். சரியில்லை. என் வீட்டுப் பின்கோடை நானே தப்பாக எழுதியிருந்தேன்.

அன்று மாலை பாமன்கடைப் பக்கம் ஒரு கடையில் மீன் ரோல் வாங்கித் தின்றபடி நடந்தேன். மனம் சரியில்லாதபோது எண்ணெயில் பொரித்தது எதுவும் நல்லது என்பது என் கட்சி. மூன்று ரோல் தின்றேன். சரியாகவில்லை.

ஐந்தாம் நாள் ஊர் திரும்பினேன். விமானம் திருச்சிக்கு எடுத்துக்கொண்டது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. துரை இதே தூரத்தைக் கப்பலிலும் மாட்டு வண்டியிலும் கடந்து, போன இடத்திலெல்லாம் காய்ச்சலில் படுத்தார். எனக்கு வந்தது பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கை மட்டும்.

பிறகு காத்திருந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம். சகாயராணிக்குக் கைபேசியில் செய்தி அனுப்பினேன். "எழுதிப் போட்டுட்டார். என்ன எழுதினார் என்று சொல்லமாட்டேன் என்கிறார். நானும் உறையைத் திறக்கல்ல" என்று பதில் வந்தது. தபால்காரர் தெருவுக்குள் வரும் நேரம் எனக்கு மனப்பாடமாயிற்று. என் கணவர், "அந்தக் காலத்துப் புறாவே பரவாயில்லை போலிருக்கே" என்றார். பதிப்பாளர் கெடு வைத்தார். கெடு முடிந்தது. சம்மதம் இல்லாமல் போடமாட்டேன் என்று பீட்டருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியவில்லை. முப்பத்தேழாம் கடிதம் இல்லாமலே கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

நாலு நாள் கழித்து மரியநேசனின் கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து.

"அன்புள்ள அம்மணி," என்று தொடங்கியிருந்தார். "துரையின் கடிதத்தை நான் வாசிக்கவில்லை. என் தங்கை வேனில் இருந்து எடுத்துவந்து அடுப்படியில் நின்று சத்தமாக வாசித்தாள். வீடு சிறியது. காதில் விழுந்தது. தாங்கள் அதை நூலில் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் ஆளின் முழுப்பெயர் செவத்தியான் முத்து. ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. துரை அதைத் தன் உச்சரிப்பில் செபஸ்தியான் என்று பாதியை மட்டும் எழுதியிருக்கிறார். திருத்திவிடவும்.

"இன்னொன்று. துரை தன் வீட்டு விஷயமாக நாலு வரி எழுதியிருக்கிறார். அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவர் எங்கள் ஆளின் பெயரை மறைத்தது தொழிலில் செய்த பிழை, அது நாலு பேருக்குத் தெரியவேண்டும். அந்த நாலு வரி அவர் தங்கையிடம் அழுதது. அதற்கும் பாலத்துக்கும் சம்பந்தமில்லை."

உடனே பதிப்பாளரை அழைத்தேன். அச்சு தொடங்கிவிட்டதா என்று கேட்டேன். "அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றார் சங்கடத்துடன். நேற்றே தொடங்கியிருக்க வேண்டிய வேலை. நம்மூர் அச்சகங்களின் தாமதத்தை வாழ்க்கையில் முதல் முறையாக வாழ்த்தினேன்.

பிறகு பீட்டருக்கு மரியநேசனின் கடிதத்தை ஆங்கிலத்தில் வரி வரியாகச் சொன்னேன். கடைசிப் பத்தி வந்ததும் அவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"அந்த நாலு வரியை எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்று நானும் நினைத்தேன்" என்றார். "மறுபடியும் எதையோ மறைக்கப் பார்க்கிறான் என்று நீங்கள் நினைப்பீர்களோ என்று கேட்கவில்லை."

மரியநேசனின் விலாசம் கேட்டார். கொடுத்தேன், இந்த முறை எண்களைச் சரிபார்த்து.

நூல் வெளிவந்துவிட்டது. முப்பத்தேழாம் கடிதம் அதில் இருக்கிறது, செவத்தியான் முத்து என்ற முழுப்பெயரோடு. அந்த நாலு வரி இருந்த இடத்தில் புள்ளிகள் மட்டும். வெளியீட்டுக் கூட்டத்தில் ஒரு வாசகர் எழுந்து, அந்த இடத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறதே, என்ன அது என்று கேட்டார். துரையின் கையெழுத்து அந்த இடத்தில் புரியவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். துரையின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.